மூன்றாவது கோலுக்குப் பிறகு

சவிரியண்ணை இறந்த செய்தி என்னிடம் வந்து சேர்ந்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. பெப்ரவரி மாதக் காலை. ஆஸ்பத்திரி வேலை முடிந்து கோட்-டெ-நெய்ஜ் மெற்றோ வாசலில் நிற்கிறேன். தொலைபேசி அடிக்கிறது. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு எடுத்தால் மறுமுனையில் கர்க்லாண்ட் கனவான்.

“தங்கச்சி, சவிரியண்ணை மோசம் போயிட்டார். விடியக்காலமை நெஞ்சு நோகுது எண்டு எழும்பினவராம். அம்புலன்ஸ் வரமுந்தி முடிஞ்சுது. உங்களுக்கு நான்தான் சொல்லோணும் எண்டு நினைச்சன்.”

நான் அழுதேன். அழுதுகொண்டே, இந்த மனிதனின் வாயாலா இதைக் கேட்கவேண்டும் என்று பல்லையும் கடித்தேன். துக்கமும் கோபமும் ஒன்றாக வந்தால் எதை முதலில் கவனிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் கோபத்தைக் கவனித்தேன். துக்கம் எங்கும் போய்விடாது என்று எனக்குத் தெரியும்.

கனவான் என்று நான் சொல்வது யாரை என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதுமானது: அவர் நம்மவர், பொறியியலாளர், நகரத்தின் மேற்குக் கோடியில் வசதியானவர்கள் குடியிருக்கும் கர்க்லாண்டில் வீடு. பாடசாலைகளுக்கிடையிலான உதைபந்தாட்டத்தை நடத்திய போட்டிக் குழுவில் அவர் இருந்தார். அவருடைய மகன் படித்த பாடசாலை அணிக்கு அவரே பயிற்சியாளராகவும் இருந்தார். இந்த நினைவு மலரில் அவருடைய பெயர் ஓரிடத்தில் வரும். அவர் எழுதி அனுப்பிய அஞ்சலிக்குக் கீழே. என் கையால் அதை எழுதமாட்டேன். செத்த வீட்டு மலரில் இதென்ன பேச்சு என்று முகம் சுளிப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். சவிரியண்ணையை உண்மையாக அறிந்தவர்கள் போகமாட்டீர்கள்.

மன்னாரிலிருந்து வந்த சவிரியண்ணை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு லொறிக் கொம்பனியில் எந்த லொறி எங்கே போகவேண்டும் என்று சொல்லும் வேலையில் இருந்தார். அதனால் அவருடைய குரலுக்கு இரண்டே அளவுகள்தான் இருந்தன: சத்தம், பெரிய சத்தம். அடக்கமான மனிதர் என்று இங்கே யாராவது எழுதியிருந்தால் நம்பவேண்டாம். மீசைக்கு மை பூசுவார். சேறு நிறைந்த மைதானத்துக்கும் பளபளக்கும் சப்பாத்தோடுதான் வருவார். ஞாயிறு பூசை முடிந்து போகும் வழியில் எங்கள் பிள்ளைகளின் பாடசாலை வேலிக்கு வெளியே நின்று, உள்ளே விளையாடுகிறவர்களைப் பார்த்துக் கத்துவார். இந்த மனிதரை உள்ளே கூப்பிட்டு அணியின் பயிற்சிப் பொறுப்பைக் கொடுத்தால் சத்தம் குறையும் என்று உடற்பயிற்சி ஆசிரியர் நினைத்தார். பொறுப்புக் கொடுத்தார். சத்தம் குறையவில்லை.

என் மகன் கஜன் அந்த அணியில் விளையாடினான். பிள்ளைகளுக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுக்கப் போன என்னை சவிரியண்ணை ஒரே வாரத்தில் மனேச்சர் ஆக்கிவிட்டார். “தங்கச்சி, உங்களுக்கு பிரெஞ்சும் வரும், கோவமும் வரும். ரெண்டும் எங்களுக்குத் தேவை” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் போட்டிக் குழுவுக்குத் தொலைபேசியில் கோல் விபரம் சொல்வது என் வேலையாகிவிட்டது.

முதல் ஆட்டத்திலேயே அவருடைய வழக்கத்தைக் கண்டேன். எங்கள் பிள்ளைகள் மூன்றாவது கோலை அடித்ததும் கோட்டுக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தது: “போதும்!” அவ்வளவுதான். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் பின்னுக்கு வந்தார்கள். வெளியே வாங்கில் குந்தியிருந்த பிள்ளைகள் உள்ளே போனார்கள். மிச்ச நேரம் முழுவதும் பந்தைத் தங்களுக்குள்ளேயே மெல்லத் தட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கள் அணியில் ஹெயிற்றிப் பிள்ளைகள் இருந்தார்கள், மொரோக்கோப் பிள்ளைகள் இருந்தார்கள், பங்களாதேசப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான்.

ஏன் அண்ணை என்று கேட்டேன். அவர்களுடைய ஊரில் கோவில் திருநாளுக்குப் பக்கத்து ஊரோடு பந்தடி நடக்குமாம். அன்றைக்கு இரவு இரண்டு ஊரும் ஒரே பந்தியில் சாப்பிடவேண்டுமாம். “மூண்டு கோல் எண்டா தோல்வி. நாலு எண்டா அவமானம். தோத்தவன் அடுத்த வருசம் திரும்பி வருவான், அவமானப்பட்டவன் வரமாட்டான். பேந்து ஆரோட விளையாடுறது?” என்றார். எனக்கு அது பெரிய தத்துவமாகப் படவில்லை. நியாயமான பேச்சாகப் பட்டது.

அந்த வருடந்தான் கர்க்லாண்ட் கனவான் அணிகளை மதிப்பிடும் புதிய றேற்றிங் முறையைக் கொண்டுவந்தார். அதுவரை வென்றால் புள்ளி, தோற்றால் இல்லை, அதை வைத்துத் தரவரிசை. மேலே வந்த எட்டு அணிகள், தோற்றால் வெளியேறும் பிளேஓஃப் சுற்றுக்குப் போகும். முதல் நான்கு அணிகளுக்குத் தங்கள் சொந்த மைதானத்தில் ஆட்டம். மற்ற நான்கும் அங்கே தேடிப் போகவேண்டும். கனவானுக்கு இது போதவில்லை. பலமான அணியோடு வென்றதும் பலவீனமான அணியோடு வென்றதும் ஒன்றா என்று கேட்டார். நல்ல கேள்விதான், அதை நான் மறுக்கவில்லை. பதிலுக்கு ஒரு கணக்குச் செய்துகொண்டு வந்தார். வெற்றி ஒரு பங்கு. எத்தனை கோல் வித்தியாசத்தில் வென்றீர்கள் என்பது ஒரு பங்கு. அதற்கு எல்லை கிடையாது. மிச்சம் நன்னடத்தைப் புள்ளி. அதை ஒவ்வொரு ஆட்டத்தின் பின்னும் எதிரணிப் பயிற்சியாளர் போடுவார். சுவரில் படம் விழுத்தி எல்லாவற்றையும் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். சவிரியண்ணையும் ஆட்டினார். வெளியே வந்ததும், “உங்களுக்கு விளங்கினதோ தங்கச்சி?” என்று கேட்டார். இல்லை என்றேன். “நல்லது, எனக்கு மட்டும் எண்டு நினைச்சன்” என்றார்.

அந்தப் பருவத்தில் நாங்கள் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. கர்க்லாண்ட் அணியையும் வென்றோம். அந்த ஆட்டத்தைச் சொல்லியே ஆகவேண்டும். இடைவேளை வரமுதலே மூன்று கோல். கனவானின் மகன்தான் அவர்களுடைய கோல்காப்பாளன்; உயர்ந்த பையன், பாவம், மூன்றாவது கோலுக்குக் கையை உயர்த்தவே மறந்து நின்றான். சவிரியண்ணை “போதும்!” என்று கத்தினார். ஆட்டம் முடிந்ததும் கனவான் நேரே எங்களிடம் வந்து சவிரியண்ணையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “பெரிய மனசு அண்ணை உங்களுக்கு. இன்னும் அடிச்சிருந்தா பிள்ளை அழுதிருப்பான்” என்றார். நான் பக்கத்தில் நின்றேன், என் காதால் கேட்டேன். இதை வாசிக்கும் கனவானும் மறந்திருக்கமாட்டார்.

பருவம் முடிந்து தரவரிசை வந்தது. ஒரு ஆட்டமும் தோற்காத நாங்கள் ஆறாவது. இரண்டு ஆட்டம் தோற்ற கர்க்லாண்ட் மூன்றாவது. அவர்கள் மூன்றுக்கு மேல் கிடைத்த இடமெல்லாம் அடித்திருந்தார்கள். கிழக்குப் பக்கத்து ஒரு சின்னப் பாடசாலைக்குப் பதினொன்று. மூன்றாவது அணியோடு ஆறாவது அணி மோதவேண்டும், அதுவும் மூன்றாவது அணியின் மைதானத்தில். அதாவது நாங்கள் கர்க்லாண்டுக்குப் போகவேண்டும்.

விளக்கம் கேட்டுக் குழுவுக்குப் போனோம். சவிரியண்ணை கோட் போட்டு, மீசைக்குப் புது மை பூசி வந்தார். கோல் வித்தியாசம் எங்களை எப்படிக் கீழே இழுத்தது என்று அங்கே விளக்கினார்கள். அடிக்க முடியாதவனையும் அடிக்க மனமில்லாதவனையும் அந்தக் கணக்கு ஒன்றாகவே எண்ணியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அடுத்ததாக நன்னடத்தைப் புள்ளிகளை வாசித்தார்கள். எங்களுக்குத்தான் எல்லோரிலும் குறைவு. மூன்று கோலுக்குப் பிறகு பந்தை எங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு நின்றது மற்ற அணிகளைக் கேலி செய்வதுபோல் இருந்ததாம். பிரெஞ்சுக்காரப் பயிற்சியாளர்கள் அப்படி நினைத்ததை நான் மன்னிக்கிறேன். அவர்களுக்கு ஒரு ஆள் வெளியே நின்று ஏதோ கத்தினார், பிள்ளைகள் விளையாட்டுக் காட்டினார்கள், அவ்வளவுதான் தெரியும். ஆனால் கர்க்லாண்ட் அணி போட்டிருந்த புள்ளி சைபர்.

சைபர். எல்லோரிலும் குறைவாகப் போட்டவர் எதிரணிகளில் தமிழ் தெரிந்த ஒரே பயிற்சியாளர். “போதும்” என்றால் என்னவென்று அந்த மைதானங்கள் எல்லாவற்றிலும் எதிர்ப்பக்கத்தில் விளங்கிய ஒரே மனிதர். கையைப் பிடித்து நன்றி சொன்ன அதே நாளில், அந்த ஈரம் காயமுதல் அதைப் போட்டிருக்கிறார்.

சவிரியண்ணை அவரையே பார்த்தார். கனவான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “அண்ணை, இதில ஆரும் ஆரையும் குறிவைக்கேல்லை. கணக்குக்குக் கண் இல்லை. அதுதான் அதின்ர நியாயம்” என்றார்.

“கண் இல்லாதபடியாத்தான் தம்பி ஆக்களை மிதிச்சுக்கொண்டு போகுது” என்றார் சவிரியண்ணை. பிறகு, நான் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, எட்டு அணிக்கும் திருவுளச் சீட்டுப் போடுவோம், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு யோசனையும் சொன்னார். நான் அதை மொழிபெயர்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். இன்று யோசித்தால், ஆண்டவர் எங்களை ஆறாவதாகப் போட்டிருந்தால்கூட யாரும் எங்களுக்குச் சைபர் போட்டிருக்கமாட்டார்கள்.

கர்க்லாண்டுக்கு மெற்றோவில் போய், பஸ் மாறி, அதற்குப் பிறகு இன்னொரு பஸ் மாறி, மழையில் நடந்து போனோம். அவர்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்து கார்களில் வந்து, உடம்பைச் சூடாக்கி, வாழைப்பழம் தின்றுகொண்டு நின்றார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் பிள்ளைகளின் காலுறைகளைப் பிழிந்தால் தண்ணீர் ஓடும். ஒரு கோலால் தோற்றோம். தோற்றது கூட விளையாட்டில் நடப்பதுதான். கஜன் அழவில்லை. அப்போது கனவான் குடையோடு வந்தார். குடையைச் சவிரியண்ணைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு சொன்னார்: “அண்ணை, மூண்டோட நிப்பாட்டாமல் அடிச்சிருந்தா இண்டைக்கு உங்கட மைதானத்திலயே விளையாடியிருக்கலாம்.”

சவிரியண்ணை குடையை விட்டு விலகி மழைக்குள் வந்து நின்றார். அவ்வளவு நேரம் அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றதை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. மீசை மை கரைந்து கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டு வந்து அவரே எனக்குச் சொன்ன கதை இது. எல்லாப் பாவத்தையும் சொல்லி முடித்தாராம். இன்னும் ஒன்று இருக்கிறது, ஒரு மனிதனை மன்னிக்க முடியவில்லை என்றாராம். மன்னித்தே ஆகவேண்டும் மகனே என்றாராம் சுவாமியார். “நான் சொன்னன், கட்டாயம் மன்னிக்கிறன் சுவாமி, ஆனா ஒக்டோபருக்குப் பிறகு.” எங்கள் பருவம் இலையுதிர்காலத்தில்தான் நடக்கும். கர்க்லாண்டோடு அடுத்த ஆட்டம் ஒக்டோபரில் இருந்தது. சுவாமியாரும் மன்னார்க்காரர். விளங்கிக்கொண்டாராம்.

அடுத்த வருடம் அந்தக் கணக்கு அப்படியே இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அது கடைசி வருடம். அதன் பிறகு அவர்கள் கல்லூரிகளுக்குப் பிரிந்து போய்விடுவார்கள். சவிரியண்ணை மற்ற எல்லா அணிகளோடும் வழமைபோல மூன்றோடு நிறுத்தினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். “அண்ணை, திரும்பவும் ஆறாவதா வரப்போறம்!” “அதுகள் என்ன செய்ததுகள் எங்களுக்கு? பொறுங்கோ” என்றார்.

கர்க்லாண்ட் ஆட்டம் அவர்களுடைய மைதானத்தில். வெயில் எறித்த நல்ல நாள். மூன்றாவது கோலை என் மகன்தான் அடித்தான். அடித்துவிட்டுக் கோட்டுப் பக்கம் பார்த்தான். எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள். எதிர்ப் பக்கத்தில் கனவானும் பார்த்தார். அவருடைய வாய் கொஞ்சம் திறந்திருந்தது, நன்றி சொல்லத் தயாராக இருந்தார் போலும். சவிரியண்ணை அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். டோர்வல் விமான நிலையத்தில் இறங்கப் போகும் ஒரு விமானம் மேலே போய்க்கொண்டிருந்தது. அது போய் மறைந்த பிறகும் அவர் தலையை இறக்கவில்லை.

பிள்ளைகளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான்கு. ஐந்து. ஆறாவது கோலுக்கு கனவான் கோட்டோரமாக எங்கள் பக்கம் நடந்து வந்தார். “அண்ணை, என்ன இது? நிப்பாட்டச் சொல்லுங்கோ.” சவிரியண்ணை வானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: “கணக்குக்குக் கண் இல்லை தம்பி.” ஒன்பது கோல் அடித்தோம். கனவானின் மகன் ஒன்பதாவதை வலையிலிருந்து எடுக்கவில்லை. கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான்.

நான் தின்னக் கட்டிக்கொண்டு போன றோல்ஸை அன்றைக்குச் சவிரியண்ணை தொடவில்லை. பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்க்காமலே பேசினார். “நாலாவது இனிச்சது தங்கச்சி. அஞ்சாவதும் இனிச்சது. பேந்து அந்தப் பிள்ளையின்ர முகம் தெரிஞ்சிட்டுது.” எனக்கு ஒன்பதும் இனித்தது. இன்றைக்கும் இனிக்கிறது. அவரைவிட நான் பொல்லாதவள், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. போட்டிக் குழுவுக்குத் தொலைபேசி எடுத்து, “ஒன்பது, சைபர்” என்று பிரெஞ்சில் சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்றார்கள். மகிழ்ச்சியோடு இன்னொருமுறை சொன்னேன்.

அவர் அந்தச் சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். ஆறு செபமாலை சொல்லும்படி சுவாமியார் சொன்னாராம். ஏன் ஆறு என்று கேட்டேன். “மூண்டுக்கு மேல ஆறுதானே” என்றார். அந்த ஆளை மன்னித்தாயிற்றா என்றும் கேட்டேன். “அது அடுத்த ஒக்டோபர்” என்றார்.

இனித்தான் விசயத்துக்கு வருகிறேன். அந்த ஆட்டம் முடிந்த அடுத்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்று, மூன்றுக்கு மேற்பட்ட கோல் வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது, சின்னப் பிள்ளைகளின் மனம் புண்படுகிறது, நன்னடத்தைப் புள்ளியை எதிரணி போடாமல் நடுவரே போடவேண்டும் என்று பேசினார். கண் கலங்கப் பேசினார். எழுந்து பேசியவர் கர்க்லாண்ட் கனவான். கிழக்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பதினொன்று அடித்தபோது புண்படாத மனம், தன் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்பது விழுந்ததும் புண்பட்டுவிட்டது. குழு ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் போட்டிகளில் மூன்று கோலுக்கு மேல் கணக்கில் இல்லை. அந்த வருடமே எங்கள் அணி முதலாவது இடத்தில் வந்து, எங்கள் பாடசாலையின் மேடும் பள்ளமுமான மைதானத்தில் பிளேஓஃப் விளையாடியது. இறுதி ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் காலுறை காய்ந்திருந்தது.

இப்படி வந்த விதிதான் அது. ஒரு மனிதர் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கத்தை முதலில் குற்றமாக்கினார்கள். அதற்காக அவரைத் தண்டித்தார்கள். அவர் அதைக் கைவிட்டுக் காட்டியதும் அலறியடித்துக்கொண்டு அதையே சட்டமாக்கினார்கள். அதில் சவிரியண்ணையின் பெயர் எங்கும் இல்லை. அவரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் ஒருமுறை சொன்னார்: “என்ர ‘போதும்’ இப்ப பிரெஞ்சில எழுதிக்கிடக்கு தங்கச்சி. ஆர் எழுதினது எண்டு ஆருக்குத் தெரியப்போகுது?”

இனி அடக்கத்துக்கு வாருங்கள். கோவிலில் கனவான் பேசினார். கறுப்புக் கோட், தழுதழுத்த குரல். “சவிரியண்ணையும் நானும் சேர்ந்து கொண்டுவந்த மூன்று கோல் விதி, இந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் விட்டுச்செல்லும் சொத்து” என்றார். சேர்ந்து! வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த கஜன் என் முழங்கையைப் பிடித்தான். அவன் பிடித்திராவிட்டால் நான் பூசைக்குள் எழும்பியிருப்பேன். இப்போது கனவான் அதையே எழுத்திலும் அனுப்பியிருக்கிறார், முப்பத்தோராம் நாள் பூசையன்று உங்கள் கைகளில் இருக்கப்போகும் இந்த மலருக்கு. அச்சில் வந்தால் நாளைக்கு அதுதான் உண்மையாகிவிடும். எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகள் வாசித்துவிட்டு, ஓகோ, இரண்டு நல்ல மனிதர்கள் சேர்ந்து செய்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். சவிரியண்ணை பெற்றது ஒரே ஒரு பிள்ளை. அது அந்த விதி. அதற்கு இன்னொருவர் தகப்பன் என்று பெயர் போட நான் விடமாட்டேன்.

மலரைத் தொகுக்கும் வேலையை அண்ணையின் மனைவி மதலேன் அக்கா என்னிடம்தான் தந்தார். கனவானின் கட்டுரையைக் கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கிழித்துப் போடட்டுமா என்று கேட்டேன். அக்கா தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தார். “கிழியாதை பிள்ளை. அவரும் வந்து விளையாடட்டும். ஆனா நீ உன்ர ஆட்டத்தை விளையாடு. எங்கை நிப்பாட்டுறது எண்டு உனக்குத் தெரியுந்தானே” என்றார்.

ஆகவே அவருடைய கட்டுரை ஒரு சொல்லும் வெட்டப்படாமல் இந்த மலரில் இருக்கிறது. வந்த அஞ்சலிகள் எட்டு. எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்று தீர்மானிக்க எனக்கு ஒரு நியாயமான முறை தேவைப்பட்டது. கனவானின் கணக்கையே எடுத்தேன். கட்டுரையில் ‘சவிரியண்ணை’ என்ற சொல் எத்தனை, ‘நான்’ என்ற சொல் எத்தனை என்று எண்ணி வித்தியாசம் பார்த்தேன். நன்னடத்தைப் புள்ளியை நானே போட்டேன். விதி மாறுவதற்கு முந்திய முறை அதுதானே. கணக்குப்படி அவர் எட்டாவது. ஆனாலும் ஆறாவதாகத்தான் போட்டிருக்கிறேன். தோற்காத எங்களுக்கு அவர் தந்த இடம். எப்படி இருக்கும் என்று அவரும் ஒருமுறை அறிந்துகொள்ளட்டும். கணக்குக்குக் கண் இல்லை.

எண்ணிப் பார்த்தால் இந்தக் கட்டுரையில் இதுவரை மூன்று கோல் விழுந்திருக்கிறது. கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுச் சைபர் போட்டது ஒன்று. குடைக்குள் நின்று சிரித்தது இரண்டு. தன்னுடையதல்லாத விதிக்குச் சவப்பெட்டியின் முன் உரிமை கொண்டாடியது மூன்று. மூன்றும் சுத்தமான கோல்கள். சாட்சிகள் இருக்கிறார்கள், உங்களில் பலர் அந்த மைதானங்களில் நின்றவர்கள்.

நான்காவது ஒன்றும் என் காலடியில் கிடக்கிறது. அடக்கத்தன்று சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கி வந்த அந்த உயர்ந்த இளைஞன் யார், சொந்தப் பிள்ளைபோல ஏன் அப்படித் தேம்பி அழுதான் என்று பலர் என்னிடம் கேட்டீர்கள். யார் என்பது இதை வாசிக்கும்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். ஒரு காலத்தில் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இருந்த பிள்ளை அவன். ஏன் என்பது மதலேன் அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவனுடைய தகப்பனுக்குத் தெரியாது. அதை எழுதினால் கனவான் பிறகு எந்தக் கோவில் படியிலும் தலைநிமிர்ந்து ஏறமாட்டார். எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. வலை திறந்து கிடக்கிறது, தடுக்க யாருமில்லை. ஆனால் எழுதப் போகும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் முகம் எனக்கும் தெரிந்துவிடுகிறது.

சவிரியண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது மன்னிப்பை அல்ல. அது அவரிடமே இருக்கவில்லை; ஒவ்வொரு ஒக்டோபராகத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது, இப்போது அவருக்கு ஒக்டோபரும் இல்லை. நான் வைத்துக்கொண்டது அவருடைய ஒரே ஒரு சொல்லை.

கர்க்லாண்ட் கனவானே, கோட்டுக்கு வெளியே இருந்து அந்தச் சொல் எனக்குக் கேட்கிறது. அன்றைக்குப் போலவே இன்றைக்கும் அது உங்களுக்கு விளங்கும். பந்தைப் பின்னுக்குத் தட்டிவிட்டேன். இந்தமுறையாவது புள்ளியைச் சரியாகப் போடுங்கள்.